உயிர் நாணயம் கண்ட சுப்பாராவ்

மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறிய மாணவர் ஒருவர் இருந்தார். உலகிலுள்ள உயிர்கள் யாவும் தம் ஆற்றலைச் செலவிடப் பயன்படுத்தும் நாணயம் யாது எனக் கண்டுரைத்த மிகச் சிலருள் ஒருவராக அவர் பின்னாளில் விளங்கினார். அவர்தாம் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அறிவியல் துறை மாணவர்க்கு இப்பெயர் ஓரளவு அறிமுகமாகியிருக்கும். ஏனையோர் அவர் ஆக்கித் தந்த மருந்துகளை உட்கொண்டிருப்பார்களேயன்றி, அவர் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

தமிழ்த்துறை மலரில் உயிர்வேதியியலுக்கு என்ன வேலை என்று வினவுவோர் உண்டு. வாழ்க்கை வரலாறு என்பது இலக்கிய வகைகளுள் ஒன்று என்பதே முதல் விடை. இப்பெருமகனாரின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தால், நம் ஒவ்வொருவர் வாயிலும் நாள்தோறும் நிகழும் ஒரு கதையையும் உடன் சொல்ல நேரும் என்பது இரண்டாவது. பல்லின்மேல் படிந்து வாழும் நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் சர்க்கரையையும், உமிழ்நீரிலுள்ள புரதத்தின் அமினோ அமிலங்களையும் உண்டு எவ்வாறு வளர்கின்றன என்பதே அக்கதை. இவ்விரண்டையும் தனித்தனியே சொல்வதைவிடச் சேர்த்துச் சொல்வதே பொருந்தும். காரணம் போகப் போக விளங்கும்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகன்னாதம் வருவாய்த் துறையில் சிறு பணியில் இருந்தவர். நோயினால் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். வீட்டில் குழந்தைகள் பலர். வருவாயோ மிகக் குறைவு. பதின்மூன்றாம் வயதில் சிறுவர் சுப்பாராவ் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குச் சென்று, அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டுவது அவர் திட்டம். அன்னை வெங்கம்மா அவரைத் திரும்ப அழைத்துவந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். தந்தையார் மறைந்த பின் அவ்வம்மையார் தம் நகைகளை விற்று மகனைச் சென்னைக்கு அனுப்பினார். அந்த நகைகளின் பயனாகவே அம்மூன்றாம் முயற்சி வெற்றி பெற்றது.

மாநிலக் கல்லூரியில் பயிலும் காலத்தில் அவர் உள்ளம் துறவறத்தில் ஈடுபட்டது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார், அன்னையார் இசையவில்லை. மருத்துவம் கற்று மக்களுக்குத் தொண்டாற்றலாம் என்னும் எண்ணத்துடன் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்படிப்புக்கு நண்பர்களும், பின்னாளில் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பொருளுதவி செய்தனர். அன்னாரின் மகள் சேஷகிரியை 1919இல் சுப்பாராவ் மணந்தார்.

அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் ஒலித்த காலம். அந்நியத் துணியை விலக்கிய சுப்பாராவ், அறுவை மருத்துவக் கூடத்தில் அணியும் மேலங்கியையும் கதரிலேயே அணிந்துவந்தார். அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் பிராட்பீல்டுக்கு இது சினமூட்டியது. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியிருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது. அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதி சென்னையில் நடத்திவந்த ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராக அமர்ந்தார்.

இதற்கிடையே அவருடைய குடும்பத்தைப் பேரிடி தாக்கியது. மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவருமாக உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டனர். ஸ்ப்ரூ என்னும் வெப்பமண்டல வயிற்றுப்போக்கு நோயே அவர்களைக் கொண்டுசென்றது. இந்நோயில் குடல் உணவின் சத்தை ஈர்க்கும் வலிமையை இழக்கும், நாவும் வாயும் புண்ணாகும், குருதி வெளிறும், உடல் நாளுக்கு நாள் உருகும். மேலை மருத்துவம் கற்ற தம்பியால், தமையனாரின் நோய்க்குப் பெயர் சொல்ல முடிந்ததேயன்றி மருந்து சொல்ல முடியவில்லை. சுப்பாராவையும் அதே நோய் பற்றியது. லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவத்தால் அவர் பிழைத்தெழுந்தார். எந்தச் சத்துக் குறைந்ததால் அண்ணனும் தம்பியும் மாண்டனர் என்னும் கேள்விக்கு அன்று உலகில் எவரிடமும் விடையில்லை.

1920களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரைச் சென்றடைந்தார். மாமனாரும், காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் பயணத்துக்கு உதவினர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. சென்னையில் பெற்ற சான்றிதழை அங்கு மருத்துவத் தொழிலுக்கு ஏற்கவில்லை. ஆதலால் பகலில் மாணவராகவும், இரவில் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைத் துப்புரவு செய்யும் பணியாளராகவும் இருந்தார். நம் மாணவர்களுள் இரவில் கடையிலும் கிடங்கிலும் பணியாற்றிக் காலையில் வகுப்பறைக்கு வருவோர் உண்டு. அவர்கள் இவ்வரியைக் கருதுவார்களாக.

இங்கு ஓர் ஒப்புமை நினைவுக்கு வருகிறது. நம் புறநகர் மின்தொடர்வண்டியில் நாள்தோறும் செல்வோர் தாம்பரம் சானடோரியம் என்னும் நிலையத்தைக் கடக்கிறார்கள். அப்பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928இல் நிறுவியவர் டாக்டர் சவுரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்திப் பெயர்பெற்ற பின் தாயகம் திரும்பி, தூய காற்றை நாடி அன்றைய தாம்பரத்தைத் தேர்ந்தார். ஒருவர் கடல் கடந்து கற்றதை இங்குக் கொண்டுவந்தார். மற்றவர் சென்ற இடத்திலேயே தங்கிவிட்டார், திரும்பவே இல்லை. இருவருள் யார் தாயகத்துக்கு மிகுதியாகத் தந்தார் என்று தராசில் நிறுப்பது எளிதன்று.

பாஸ்டனில் சைரஸ் பிஸ்கே என்னும் பேராசிரியரின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் சுப்பாராவ் சேர்ந்தார். குருதியிலும் தசையிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்று அளந்தறிய ஒரு முறையை அவ்விருவரும் வகுத்தனர். மாலிப்டினம் சேர்ந்த அமிலக் கரைசல் பாஸ்பேட்டுடன் கூடினால், ஒடுக்கும் பொருளொன்றின் துணையால் நீலம் தோன்றும். நீலம் எவ்வளவு அடர்ந்ததோ அவ்வளவு பாஸ்பரஸ். 1925இல் வெளியான இம்முறை இருவர் பெயராலும் வழங்குகிறது. ஒரு நூற்றாண்டு கடந்தும் ஆய்வகங்கள் அதனைக் கைவிடவில்லை. சிறிய அளவுகோல்தான்; ஆயினும் அதைக் கொண்டு தசையை அளந்தபோது எவரும் அறியாத பொருள்கள் வெளிப்பட்டன. 1927இல் பாஸ்போகிரியேட்டின், 1929இல் அடினோசின் டிரைபாஸ்பேட், அதாவது ஏ.டி.பி. அதே 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார். இப்பொருளே உயிரணுக்களின் பொது நாணயம் என்பதை 1941இல் பிரிட்ஸ் லிப்மன் விளக்கினார்.

நாணயம் என்று ஏன் சொல்கிறோம்? நெல் விற்றவரும் துணி விற்றவரும் சந்தையில் பெறுவது ஒரே காசு. அதுபோல, சர்க்கரையை உடைத்தாலும் அமினோ அமிலத்தை உடைத்தாலும் உயிரணு ஈட்டுவது ஏ.டி.பி.யையே. தசை சுருங்குவதும், மூளை நினைப்பதும், நுண்ணுயிர் ஒன்று இரண்டாவதும் இக்காசைச் செலவிட்டுத்தான்.

இனி நம் வாய்க்கு வருவோம். வாயினுள் உயிர்கள் வாழ்வதை ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் தாமே செய்த உருப்பெருக்கியால் தம் பல்லழுக்கில் கண்டு 1683இல் எழுதினார். அவ்வுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்கி அதனால் பல்லை அரிக்கின்றன என்பதை 1890இல் மில்லர் என்னும் பல் மருத்துவர் நூலாக விளக்கினார். 1924இல் கிளார்க் என்பார் சொத்தைப் பல்லிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் நுண்ணுயிரைப் பிரித்துக் காட்டினார். ஆனால் அவை ஏன் அவ்வளவு அமிலத்தை ஆக்குகின்றன? பல்லின்மேல் அவற்றுக்குப் பகையா? இதற்கு விடை சொல்லச் சுப்பாராவின் காசு வேண்டும்.

நாம் தேநீருடன் ஓர் இனிப்பை உண்கிறோம். பற்படலத்து நுண்ணுயிர் அச்சர்க்கரையை உள்ளிழுக்கும்போதே அதன்மேல் பாஸ்பேட் முத்திரையொன்றைக் குத்திவிடுகிறது. முத்திரை பெற்றது வெளியே திரும்ப இயலாது. பின்னர் குளுக்கோஸ் படிப்படியாக உடைந்து இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளாகிறது. இவ்வளவு பாடுபட்டு அந்நுண்ணுயிர் பெறும் நிகர ஊதியம் இரண்டே இரண்டு ஏ.டி.பி. நம் உயிரணு உயிர்வளியின் துணையால் அதே குளுக்கோஸிலிருந்து ஏறத்தாழ முப்பது ஈட்டும். கூலி குறைந்த தொழிலாளி நெடுநேரம் உழைத்தாக வேண்டும் அன்றோ! அதுபோல இச்சிற்றுயிர் தான் சிறிது வளர்வதற்குச் சர்க்கரையை மிகுதியாக உடைக்க வேண்டியிருக்கிறது. கழிவான அமிலமும் அவ்வளவுக்குப் பெருகுகிறது. சில நிமிடங்களில் பல்லின்மேல் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கும். எனாமலின் சுண்ணமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதனைச் சரிசெய்ய அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த இனிப்பு வந்து சேர்ந்தால் பல்லுக்கு ஓய்வே இல்லை. பகையன்று, பசி.

அமினோ அமிலங்களின் கதை வேறு. சர்க்கரை வாயில் எப்போதாவது வரும் விருந்து; உமிழ்நீரின் புரதமோ எப்போதும் உள்ள கூழ். ஈறின் இடுக்கில் வாழும் போர்பிரோமோனாஸ் போன்றவை சர்க்கரையை நாடுவதில்லை. புரதத்தைத் துண்டாக்கி அமினோ அமிலங்களையே உண்கின்றன. கந்தகமுள்ள சிஸ்டீன், மெத்தியோனின் ஆகியவை உடையும்போது துர்மணமுள்ள வாயுக்கள் எழும். நோன்பு நோற்கும் நாளில் பிற்பகலில் வாயின் மணம் மாறுவதற்கு இது ஒரு காரணம். உமிழ்நீர் குறைகிறது, புரதம் உண்போர் கை ஓங்குகிறது. அந்த மணத்துக்கு இறைவனிடத்துள்ள மதிப்பு நபிமொழி வாயிலாக நாம் அறிந்ததே. அதனை இங்கு விரிக்கவில்லை. மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதும் நம் பெரியோர்க்குச் சொல்ல வேண்டுவதன்று. அக்குச்சியைத் தரும் மரமே சங்கப் பாலைத்திணைப் பாடல்கள் கூறும் உகாய் என்பர். படலத்தை நாள்தோறும் பலமுறை கலைத்துவிடுவதே அதன் முதற்பயன்.

எல்லா நுண்ணுயிரும் கேடு செய்வன அல்ல. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ் போன்ற சில, உமிழ்நீரிலுள்ள ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தை உடைத்து ஒரு ஏ.டி.பி. ஈட்டுகின்றன. அதில் கழிவாக வருவது அமோனியா. அது அமிலத்தைத் தணிக்கும். ஒரே வாயில், ஒரே காசுக்காக, ஒரு குடி பல்லைக் கரைக்கிறது. மற்றொரு குடி காக்கிறது.

ஹார்வர்டு சுப்பாராவுக்கு 1930இல் டாக்டர் பட்டம் தந்தது. நிலையான பேராசிரியப் பதவியைத் தரவில்லை. 1940இல் அவர் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆய்வகத்துக்குச் சென்று, அங்கு ஆய்வு இயக்குநராக உயர்ந்தார். பாஸ்டனில் அவர் கண்டது தசையின் காசு. பேர்ல் ரிவரில் அவருக்குத் துணை நின்றது லாக்டோபேசில்லஸ் கேசியை என்னும் நுண்ணுயிர். அவ்வினத்தார் பாலிலும் தயிரிலும் வாழ்பவர். சொத்தைப் பல்லின் குழியிலும் குடியிருப்பவர்.

இந்நுண்ணுயிரின் இயல்பு வியப்புக்குரியது. வளமான உணவிலேயே வழிவழியாக வாழ்ந்ததால், தனக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் பலவற்றையும் வைட்டமின்கள் பலவற்றையும் தானே ஆக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. நம் வீடுகளில் மாப்பிள்ளை விருந்து நடக்கும்போது, பதினெட்டு வகை இருந்தும் ஒன்று குறைந்தால் இலையில் கை வைக்காத மாப்பிள்ளை உண்டல்லவா? அதே போக்கு. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் உப்பும் வைட்டமின்களும் கலந்த குழம்பில் ஒரேயொரு சத்து இல்லையெனில் அது வளராது. அச்சத்து உள்ளதோ என்று ஐயுறும் ஈரல் சாற்றில் ஒரு துளியைக் கலந்து மூன்று நாள் வெப்பத்தில் வைத்தால், சத்து இருக்கும் அளவுக்கு வளர்ந்து லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும். அமிலத்தை அளந்தால் சத்தின் அளவு தெரியும். பல்லைக் கரைக்கும் அதே அமிலம் இங்கு அளவுகோலாயிற்று.

அவர்கள் தேடிய சத்தின் முன்கதை நம் நாட்டிலேயே தொடங்குகிறது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாயில் கருவுற்ற பெண்களின் கடுஞ்சோகையை ஆராய்ந்தார். உணவில் மிகவும் குறைபட்டோரும் நோய்க்கு மிகுதியாக இரையானோரும் ஏழை முஸ்லிம் பெண்களே என்று அவர் கண்டார். ஈஸ்ட் சாறு அச்சோகையைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். ஆனால் சாற்றிலுள்ள பொருள் யாதெனத் தெரியவில்லை. 1941இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து நுண்ணுயிர் வளர்க்கும் காரணி ஒன்றைச் செறிவாக்கி, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். லெடர்லி ஆய்வகத்தில் ஸ்டோக்ஸ்டாட் 1943இல் ஈரலிலிருந்து அதனைத் தூய்மையாகப் பிரித்தார். சுப்பாராவின் தலைமையில் பெருங்குழு உழைத்து 1945இல் அதனைச் செயற்கையாக ஆக்கியது. பதினாறு பேர் பெயர் தாங்கிய அந்த ஆய்வுக் கட்டுரையில் சுப்பாராவின் பெயர் நடுவில் ஒன்றாக நிற்கிறது.

புதிய உயிரணு பிறக்க மரபுப்பொருள் வேண்டும். அதனைக் கட்டவும் சில அமினோ அமிலங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றவும் கரியணு ஒன்றைக் கைமாற்றித் தர வேண்டும். அக்கைமாற்றைச் செய்வது ஃபோலிக் அமிலம். நுண்ணுயிருக்கும் அது வேண்டும். குருதி ஊறும் எலும்பு மச்சைக்கும், தேய்ந்து தேய்ந்து புதுப்பிறவி எடுக்கும் குடற்சுவருக்கும் அது வேண்டும். 1945-46இல் டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் செயற்கை ஃபோலிக் அமிலத்தைச் சோகை நோயாளிகளுக்கும் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் கொடுத்தார். வெளிறிய முகங்கள் சிவந்தன. புண்பட்ட நாக்குகள் ஆறின. உடன்பிறந்தார் இருவரையும் கொன்ற நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. அவர்கள் மறைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தது.

அவர் அதனோடு நிற்கவில்லை. ஃபோலிக் அமிலத்தைப் போலத் தோன்றி, உயிரணுவை ஏமாற்றி, அதன் வளர்ச்சியைத் தடுக்கும் போலிகளை அவர் குழுவினர் ஆக்கினர். நுண்ணுயிர் வளராமல் நின்றதைக் கண்டே அவற்றின் ஆற்றலைத் தேர்ந்தனர். அமினோப்டெரின் என்னும் அப்போலியால் பாஸ்டன் மருத்துவர் சிட்னி பார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிகத் தணிவு கிட்டியதை 1948இல் அறிவித்தார். அதன் உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் வழங்கப்படுகிறது. யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின், அதாவது ஹெட்ரசான், அவர் ஆய்வகத்தில் பிறந்தது. தமிழ்நாட்டில் வீடு வீடாக வந்து கண்முன்னே விழுங்கச் செய்த யானைக்கால் தடுப்பு மாத்திரை அதுவேதான். பெரியோர் பலர்க்கு நினைவிருக்கும். பெஞ்சமின் டக்கர் மண்ணிலிருந்து கண்டெடுத்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து, 1948இல் அவர் தலைமைக் காலத்தில் உலகுக்கு வந்தது. பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைக்கு டெட்ராசைக்ளின் தந்தால் பல்லில் மஞ்சள் கறை நிலைத்துவிடும் என்பது பின்னர்த் தெரிந்தது.

1948 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்றாம் வயதில், உறக்கத்திலேயே சுப்பாராவ் காலமானார். அமெரிக்கக் குடியுரிமையை அவர் பெறவில்லை. விடுதலை பெற்ற இந்தியாவையும் அவர் காணவில்லை. கணவரைக் கப்பலேற்றி அனுப்பிய சேஷகிரி அம்மையார் அவரை மீண்டும் பார்க்கவேயில்லை. அவர்களுக்குப் பிறந்த ஆண்குழந்தையும் மாதங்கள் சிலவே வாழ்ந்தது. இவ்வம்மையாரைப் பற்றி வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. கண்டுபிடிப்புகளின் கணக்கில் வெங்கம்மாவின் நகையும் சேஷகிரியின் காத்திருப்பும் சேர்க்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

1953இல் ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரால் சுப்பரோமைசிஸ் எனப் பெயரிட்டனர். 1995இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. குருதியில் ஃபோலிக் அமிலத்தின் அளவை அறிய, அதே லாக்டோபேசில்லஸை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகங்கள் இன்றும் உள்ளன. பல்லாவரம் முதல் வண்டலூர் வரையுள்ள அரசு சுகாதார நிலையங்களில், கருவுற்ற தாய்மார் பெற்றுச் செல்லும் சிவந்த இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் கலந்திருக்கிறது.